பந்து எழும்புகிறதா?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் காரைக்காலில் மைதானம் எது, குளம் எது என்று சொல்வது சிரமம். நம்முடையது காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் பூமி. களி அதிகம். மழை விட்டாலும் தண்ணீர் சட்டென்று கீழே இறங்காது. கடலோரத் தாழ்வு நிலம் என்பதால் வடிவதும் மெதுவாகத்தான்.

பையன்களுக்கோ கால் நிற்காது. கால்பந்து ஆடலாமா, கூடாதா?

அதை முடிவு செய்கிறவர் நடுவர். சோதனை ரொம்ப எளிது. தோள் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விட வேண்டும். எழும்பினால் சரி. சொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டால் ஆகாது. கோல் கம்பத்துக்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டும். புல் தேய்ந்து பள்ளமாகிக் கிடப்பது அங்கேதான்.

தண்ணீர் தேங்கிய மைதானத்தில் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1974 உலகக் கோப்பையில், ஜூலை 3 அன்று, பிராங்பர்ட் நகரில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் மோதின. கொட்டிய மழையில் மைதானம் மிதந்தது. தீயணைப்புப் படை வந்து தண்ணீரை இறைத்தது. தாமதமாகத் தொடங்கிய ஆட்டத்தில் பந்து உருளாமல் ஆங்காங்கே நின்றுபோனது. கெர்ட் முல்லர் அடித்த ஒரே கோலில் மேற்கு ஜெர்மனி ஜெயித்தது. என்னைக் கேட்டால், மறுநாளைக்குத் தள்ளி வைத்திருக்கலாம்.

ஆட்டம் கெடுவது மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. தேங்கிய தண்ணீருக்குள் கண்ணாடிச் சில்லு கிடந்தாலும் தெரியாது. காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். இடிச் சத்தம் கேட்டாலோ சோதனையே வேண்டாம், கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.