கடன் வாங்காத வீடு



சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டை வீட்டார் கடன்பட்டுக் கலங்குவதைக் கண்டு, "வரவறிந்து செலவிடத் தெரியாத கூட்டம்!" என்று வாய் நிறையப் பேசும் வீட்டுக்காரியை நாடகக் கொட்டகையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் நாடகங்களிலும் அவளை இரண்டொரு முறை உலவவிட்டிருக்கிறேன், கைதட்டலுக்குக் குறைவிராது. 2008 டிசம்பரில், ஸ்டுட்கார்ட் நகரிலே, ஜெர்மனியின் ஆட்சித் தலைவி அங்கெலா மெர்க்கெல் அவளை அரசியல் மேடைக்கே அழைத்து வந்தார். ஸ்வாபியா வட்டாரத்து இல்லத்தரசியைக் கேளுங்கள், வரவுக்கு மீறி வாழ இயலாது என்பாள், என்றார்.

அடுத்த ஆண்டே அந்த அறிவுரை அரசியல் சட்டத்தில் ஏறிற்று! வழக்கமான காலத்தில் நடுவண் அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 0.35 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ‘கடன் தடை’ என்பது அதன் பெயர்.

அப்படிப் பேச அவளுக்கு உரிமையில்லையா? உண்டு, தோழர்களே. 1999இல் லண்டன் ஏடு ‘எக்கனாமிஸ்ட்’ அந்நாட்டை யூரோவின் நோயாளி என்று எள்ளிற்று. 2005 தொடக்கத்தில் வேலையற்றோர் 50 லட்சத்தைத் தாண்டினர். ஷ்ரோடர் ஆட்சி உதவித் தொகையை வெட்டிற்று. தொழிலாளி ஊதிய உயர்வின்றி உழைத்தான். நோயாளி எழுந்தான், நடந்தான், ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லத் தொடங்கினான்! 2010இல் கிரீஸ் மூழ்கியபோது, "செலவைக் குறை, ஓய்வூதியத்தைக் குறை" என்று உரத்து ஒலித்தது பெர்லினின் குரல்.

இன்று காட்சி மாறிற்று. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜெர்மனியின் உற்பத்தி வளரவில்லை, சுருங்கிற்று. அதே 2024இல் பிரான்ஸ் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வளர்ந்தது. ஸ்பெயின் 3க்கு மேல். அன்று ஏச்சு வாங்கிய கிரீஸ் 2க்கு மேல்! கடனைப் பாருங்கள்: உற்பத்தியில் ஜெர்மனிக்கு ஏறத்தாழ 62 விழுக்காடு, பிரான்சுக்கு 113, ஸ்பெயினுக்கு 100ஐ ஒட்டி.

"அப்படியானால் கடன்தான் மருந்தோ?" என்று கேட்கிறான் என் பக்கத்து நண்பன். அவசரப்படாதே, அப்பா! 135 விழுக்காடு கடனைச் சுமக்கும் இத்தாலி, கால் நூற்றாண்டாகக் காலைத் தேய்த்தே நடக்கிறது. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆனாலும் இந்த அளவு கணக்கு எனக்குத் தெரியும். எவ்வளவு வாங்கினாய் என்பதோடு, எதிலே போட்டாய் என்பதும் கேள்வி.

ஜெர்மனி எதிலே போடவில்லை? லூடன்ஷைட் என்னும் ஊருக்கருகே, ஏ 45 நெடுஞ்சாலையிலே, ராமெடே பாலம். கட்டியபோது எவரும் எண்ணாத பாரத்தைச் சுமந்து சுமந்து, மாற்றுப் பாலம் தள்ளித் தள்ளிப் போடப்பட்டு, 2021 டிசம்பரில் மூடப்பட்டது. லாரிகளெல்லாம் சின்னஞ்சிறு ஊருக்குள் புகுந்தன. சன்னலைத் திறக்க முடியவில்லை மக்களால். ஆலைகளுக்குச் சரக்கு வந்துசேரவில்லை. 2023 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தனர். இரயிலோ? மணி தவறாமைக்குப் பெயர்பெற்ற நாட்டில், 2024இல் தொலைதூர வண்டிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 மட்டுமே நேரத்திற்கு வந்தன! ஏட்டில் கடன் ஏறவில்லை, உண்மைதான். பாலத்தில் ஏறிற்று, தண்டவாளத்தில் ஏறிற்று.

எல்லாப் பழியும் சிக்கனத்தின்மீது சாராது. இறக்குமதி எரிவாயுவில் பாதியளவை ரஷ்யாவிடம் நம்பியிருந்தார்கள்; 2022இல் குழாய் அடைபட்டது. பிரான்சிடம் அணுமின் நிலையங்கள் இருந்தன. ஜெர்மனியோ தன் கடைசி மூன்றையும் 2023 ஏப்ரலில் மூடிற்று. கார் வாங்கிய சீனம், கார் விற்கப் புறப்பட்டது. 2024 டிசம்பரில் வோல்க்ஸ்வாகன், 2030க்குள் 35,000க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

கடைசிக் காட்சிதான் சுவையானது. கடன் தடையைக் காப்போம் என்று தேர்தலில் முழங்கிய பிரீட்ரிக் மெர்ஸ், 2025 பிப்ரவரியில் வென்றார். புதிய மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டாது என்று கணக்கிட்டார். ஆகவே, மார்ச்சு 18 அன்று, கலையவிருந்த பழைய மன்றத்தையே கூட்டி, தடையைத் தளர்த்தி, 50,000 கோடி யூரோ கடனுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஸ்வாபியா இல்லத்தரசியை அன்று எவரும் அழைக்கவில்லை.