பெயர் வைத்தது யார்?



பீட் என்னும் துறவி கி.பி. 731இல் இங்கிலாந்தின் திருச்சபை வரலாற்றை இலத்தீனில் எழுதி முடித்தார். கடல் கடந்து அங்கே குடியேறியோர் சாக்சன், ஆங்கில், ஜூட் என மூன்று இனத்தார் என்று அதில் அவரே குறிப்பிடுகிறார். ஆனால் தலைப்பில் எல்லோருக்குமாக நிற்பது 'ஆங்லி' என்ற பெயர்தான். அது தம் மக்களுக்கு அவர் சொன்ன பெயர். நம் 'ஆங்கிலேயர்' என்ற சொல்லின் வேரும் அதுவே.

'பரங்கி'யின் கதை வேறு. 'பிராங்க்' என்ற ஓர் இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியே இங்கு வந்து, ஐரோப்பியர் எல்லோர்மீதும் பிறர் ஒட்டிய பெயரானது. பரங்கிமலையும் பரங்கிப்பேட்டையும் இன்றும் அதற்குச் சாட்சி.

எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகையை நடத்தும்போது இதைச் சொல்லிவிட்டு, மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் ஒடியா, வங்காளம், போஜ்புரி பேசுகிறவர்கள். எல்லோரையும் 'இந்திக்காரப் பையன்' என்கிறோமே, அந்தப் பெயரை வைத்தது யார்?

பதிவேட்டில் உள்ள பெயரைச் சரியாக உச்சரித்துக் கூப்பிடுவோம். வீட்டு மொழி எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். வரலாற்றுப் பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.