கரும்பிலிருந்து பாலிமர் வரை: கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். என் தொழில் பாலிஈதர். பெயர்தான் புதுசு, பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஃபோம் மெத்தை, ஷாம்பு, களிம்பு எல்லாவற்றிலும் உண்டு. 2021இல் நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு ஊசியில் இருந்த பாலிசார்பேட் 80 கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன். மறுபடி இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன். பூச்சரம் தொடுத்த மாதிரி நீளும் சங்கிலி இது. சரத்தின் முனையில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிதான் கொக்கி. அதில் கொழுப்பு அமிலத்தை மாட்டினால் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும். ஐசோசயனேட்டை மாட்டினால் மெத்தை. புரத மருந்தை மாட்டினால் அது ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். இந்த முறையில் உருவான முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 1990இல் அனுமதி கிடைத்தது.

சரி, இதைச் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று எப்போது சொல்லலாம்? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: கார்பன் எங்கிருந்து வந்தது? உலகில் பெரும்பாலும் பெட்ரோலியம், இயற்கை வாயுவிலிருந்துதான். ஆனால் உத்தராகண்டில் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் நிறுவனம் கரும்பாலை மொலாசஸிலிருந்து எத்தனால் காய்ச்சி, அதிலிருந்து எத்திலீன் ஆக்சைடு தயாரித்துக் காட்டியது. கணக்கு சுலபம். 46 கிராம் எத்தனாலில் 18 கிராம் தண்ணீரை நீக்கினால் 28 கிராம் எத்திலீன். அதை வெள்ளி வினையூக்கியின் மேல் ஆக்சிஜனோடு சேர்த்தால் எத்திலீன் ஆக்சைடு. அந்த வளையத்தைத் திறந்து கோத்துக்கொண்டே போனால் பாலிஈதர்.

"அப்படின்னா நம்ம ஊருக்கும் வாய்ப்பு இருக்கே!" என்று தோன்றும். பாலக்கோடு ஆலைக்கும் கோபாலபுரம் ஆலைக்கும் கரும்பு வெட்டி அனுப்பிய குடும்பத்துப் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரு போகம் கரும்புக்கு 1500 முதல் 2500 மி.மீ. தண்ணீர் வேண்டும். நம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 1000 மி.மீ.கூட இல்லை. மீதியை ஆழ்துளைக் கிணறுதான் தர வேண்டும். ஆழத்தில் கிடைக்கும் நீரில் ஃப்ளூரைடு இருப்பதும், பல்லில் கறை படிந்த பிள்ளைகளும் நமக்குத் தெரியாததா? கிடைக்கிற மொலாசஸைப் பயன்படுத்துவது நல்லது. பாலிமருக்கென்றே கூடுதலாகக் கரும்பு நட்டால், அது பச்சை பெயின்ட் அடித்த வறட்சி. தவிர, பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையை நாடு 2025இல் எட்டிவிட்டதால் எத்தனாலுக்குப் போட்டியும் பெரிது.

இரண்டாவது கேள்வி: எப்படிச் செய்தார்கள்? மெத்தைக்கான பாலிஈதருக்குப் புரொப்பிலீன் ஆக்சைடு வேண்டும். பழைய குளோரோஹைட்ரின் முறையில் குளோரினும் சுண்ணாம்பும் செலவாகி, உப்புக் கழிவு நீர் ஏராளமாக வரும். 2008இல் தென்கொரியாவின் உல்சானில் தொடங்கிய ஆலை ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்துகிறது. அந்த வினையில் உடன்விளையும் பொருள் தண்ணீர். ஜெர்மனியில் டோர்மாகனில் 2016 முதல் கார்பன் டை ஆக்சைடையே சங்கிலியில் சேர்க்கிறார்கள், 20 சதவீதம் வரை. ஆனால் எந்த வழியில் போனாலும் எத்திலீன் ஆக்சைடு தீப்பற்றும், வெடிக்கும், புற்றுநோயும் தரும். கரும்பில் பிறந்ததால் அது சாதுவாகிவிடாது. ஆலைக்குள் நிற்கும் தொழிலாளியின் பாதுகாப்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது கேள்வி: கடைசியில் எங்கே போகும்? சின்னச் சங்கிலிகளைப் பாக்டீரியா தின்றுவிடும். நீளமாக நீளமாக அதுக்கும் கஷ்டம். அதனால்தான் சங்கிலியின் நடுநடுவே எஸ்டர் போன்ற எளிதில் உடையும் இணைப்புகளை வைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. பழைய மெத்தையை ஏரிக்கரையில் போட்டுக் கொளுத்துகிறோமே, அதைக் கிளைக்காலோடு சூடாக்கினால் பாலியாலை மீட்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பை விட்டுத்தள்ளுங்கள். சேகோ ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி இருக்கிறது. அதில் மாவுச்சத்து நிற்கிறது. அதிலிருந்து எவ்வளவு எத்தனால் வரும், அதற்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று உங்கள் புராஜெக்டில் அளந்து பாருங்கள். தண்ணீர்க் கணக்கை முதல் பத்தியில் எழுதுங்கள். குடத்தோடு வரிசையில் நின்ற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேதிப்பொருள் வாங்க, கருவி பார்க்க உதவி வேண்டுமானால், இந்தச் சங்கத்தில் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். தயங்காமல் கேளுங்கள்.