கோவிலம்பாக்கம் சொல்லும் கணக்கு



உங்க ஊரில் எத்தனை தலைக்கட்டு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். உங்கள் பேரனால் சொல்ல முடியுமா? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

தாம்பரத்துக்குக் கிழக்கே, மேடவாக்கத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் நடுவில் இருக்கிறது கோவிலம்பாக்கம். பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ‘பாக்கம்’ என்று முடியும் ஊர்கள் தொண்டை மண்டலத்தில் ஏராளம். ஒரு பக்கம் நன்மங்கலம் காடு, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து சதுப்புக்கு. இதுதான் தண்ணீர் போன பாதை.

செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். இந்தச் சீமையின் ஊர்க்கணக்கு ரொம்பப் பழசு. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற வெள்ளைக்காரர் ஊர் ஊராக அளந்து, எத்தனை வீடு, யார் யாருக்கு என்ன தொழில், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு மேரை என்றெல்லாம் கணக்கெடுத்தார். அதில் ஏரி குளத்தைப் பராமரிக்கவும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆள் கணக்கோடு தண்ணீர் கணக்கும் சேர்ந்தே இருந்தது, பார்த்தீங்களா!

பிற்பாடு பத்து வருஷத்துக்கு ஒரு தரம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அதில் ஒரு விதி உண்டு. 5,000 பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். முழுநேர வேலை செய்யும் ஆண்களில் 100க்கு 75 பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கில் அது நகரம். 2011 கணக்கெடுப்பில் கோவிலம்பாக்கம் அப்படித்தான் பதிவாயிற்று. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும் இந்த ஊர் அதில் சேரவில்லை.

வயலும் ஏரியுமாக இருந்த ஊர் எப்படி மாறியது? பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடிச் சாலை வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் பக்கத்தில் வந்தன. வயல் மனையாயிற்று. விற்றவர் மேல் குறை சொல்ல வரவில்லை. நல்ல விலை வந்தால் யார்தான் விற்க மாட்டார்கள்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயல் போனால் ஆயக்கட்டுக்காரர் போகிறார். அவர் போனால் மதகைப் பார்க்கவும் கால்வாயைத் தூர்வாரவும் ஆள் கிடையாது. புதுசாகக் குடிவந்தவருக்கு வாய்க்கால் எது, தெரு எது என்று தெரியாது. தண்ணீருக்கு மட்டும் பழைய பாதை மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

அதனால் பட்டணத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இப்போதே சில வேலை செய்யலாம். பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. கணக்கு இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. அவரிடம் ‘அ’ பதிவேட்டில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளின் சர்வே எண்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புலப்படத்தோடு ஒப்பிட்டு, வயசான பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். மதகு, கலங்கல், உபரி நீர் போகும் வழி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பிறகு கிராம சபையில் படித்து, தீர்மானத்தில் ஏற்றுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுகிறதே, அதில் ஒரு நாள் போதும்.

ஆட்களை எண்ணுவதற்குச் சர்க்கார் இருக்கிறது. ஊரின் தண்ணீரை எண்ணி வைக்க வேண்டியவர் நீங்கள்தான். நிலம் கைமாறினாலும் அந்த நோட்டு கைமாறாமல் ஊரில் இருக்கட்டும்.