தண்ணீரைப் பிரித்து வையுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். எஞ்சினியர் வந்தால் தான் கட்டியதைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு எலுமிச்சை மரத்தைச் சாகடித்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆலங்காயத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா வைத்த எலுமிச்சை மரம் ஒன்று இருந்தது. ஊறுகாய்க்குப் போக, தெருவுக்கே பழம் கொடுப்பார்கள். போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்ததும் நான் ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கி மாட்டினேன். அது கழிக்கிற தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. குழாய் போட்டு எலுமிச்சைக்குத் திருப்பினேன். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

ஆறு மாதத்தில் அம்மா சொன்னார்கள்: "இலை நுனி கருகுதுடா, அந்தத் தண்ணிய நிறுத்து." நான், "சத்துக் குறைச்சல்மா" என்று உரம் போட்டேன். இரண்டாம் வருஷம் மரம் பட்டுப்போச்சு. அதற்குப் பிறகுதான் நான் கணக்குப் போட்டேன்.

எங்கள் போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்பு. மூன்று லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், இரண்டு லிட்டர் கழிவு. உப்பு முழுக்க அந்த இரண்டு லிட்டரில் சேரும். ஆக, லிட்டருக்கு ஏறக்குறைய 1,800. எலுமிச்சையோ உப்பைத் தாங்காத சாதி. பத்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு இது. நான் போடவில்லை.

நம் பக்கத்து உப்பின் கதை உங்களுக்குத் தெரியும். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். தோல் ஷாப்பில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதிக் கிணறுகள் பட்ட பாட்டை வைத்துத்தான் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் 'கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்று தீர்ப்பளித்தது. அதே தோல் ஷாப்பு சம்பளத்தில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். அதையும் மறைக்கக் கூடாது. ஆலங்காயம் மாதிரி மலையடி ஊர்களில் பாறைக்குள் ஆழமாகத் துளை போட்டால், பாறையில் உள்ள உப்பும் சேர்ந்து வரும். காரணம் எதுவானாலும், மண்ணுக்குள் இறங்கிய உப்பை ஒரு குடும்பம் வெளியே எடுக்க முடியாது. வீட்டுக்குள் தண்ணீரைத் தரம் பிரிக்க முடியும். நாலு விதமாகப் பிரியுங்கள்.

முதலாவது, மழைத்தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி என்றால் சுமார் 56 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் 50,000 லிட்டர். சேதாரம் போக 40,000 நிற்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். 5,000 லிட்டர் தொட்டி 250 நாள் வரும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு மணல், ஜல்லி வழியாக வடிகட்டித் தொட்டியில் விடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், குழாய் வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு குடிவந்துவிடும். காய்ச்சிக் குடியுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. மழைத்தண்ணீரில் அந்த உப்புத் தொல்லை கிடையாது. தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கோ போர்வெல் பக்கத்துக் குழிக்கோ விடுங்கள். 2003-இல் அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அடைத்துக் கிடக்கும். போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, குளியல் தண்ணீர். செங்கல் துண்டு, ஜல்லி நிரப்பிய சிறு குழியில் விட்டு, ஓரத்தில் கல்வாழை, சேம்பு வையுங்கள். தேங்க விடாதீர்கள். பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லிக்கு வேண்டாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரில் சோடியம் அதிகம். அதைத் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள்.

மூன்றாவது, ஆர்.ஓ. கழிவு. கழிவறைக்கு, தரை துடைக்க, பாத்திரத்தை முதல் தடவை அலச. செடிக்கு மட்டும் கூடாது.

நான்காவது, உப்புக் கிணற்றுத் தண்ணீர். தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு தாங்கும். பாத்தியில் காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வெயிலில் ஈரம் உறிஞ்சப்படும்போது உப்பு மேலே ஏறும். சருகு அதைக் குறைக்கும். மழைக்காலத்தில் பாத்தியை அகலப்படுத்தி மழையை நன்றாக இறங்க விடுங்கள், உப்பு வேருக்குக் கீழே போய்விடும்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் பேனா மாதிரிக் கருவி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாணவர்களே, ஒன்று வாங்கி உங்கள் தெருக் கிணறுகளை மாதம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் காவலூரில் 1986 முதல் நட்சத்திரம் பார்க்க 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதே வானத்திலிருந்து நம் மாடியில் விழுவதைப் பார்க்க ஒரு தொட்டியும் ஒரு நோட்டும் போதும்.

போன வருஷம் அம்மா இன்னொரு எலுமிச்சைக் கன்று வைத்தார்கள். அதற்கு மழைத்தொட்டித் தண்ணீர்தான். குழாயை நான் போட்டேன்; எதை எங்கே திறக்கலாம் என்று அம்மா சொன்னார்கள். இந்த முறை நான் எதிர்த்துப் பேசவில்லை.