ஏழாவது மாடித் தொட்டியும் ரெண்டு நொடியும்

இந்த வாரம் வேற ஒரு விஷயம் பேசுறதா சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. காரணம் எங்க வீட்டுத் துளசித் தொட்டி.

நாங்க இருக்கறது பாரிவாக்கத்துல, ஏழாவது மாடி. பால்கனிச் சுவர் மேல அம்மா நாலு தொட்டி வரிசையா வச்சிருந்தாங்க. அங்கதான் நல்லா வெயில் வருமாம். போன புதன்கிழமை சாயங்காலம் காயப்போட்ட போர்வையை எடுத்து ஒரு உதறு உதறினேன். அதோட ஓரம் தொட்டியில பட்டுச்சு. தொட்டி இல்ல.

கீழே வாட்ச்மேன் அண்ணனோட பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அவர் அப்போ மோட்டார் போடப் போயிருந்தார். நாற்காலி நாலு துண்டாயிடுச்சு. நான் ஓடி இறங்கினப்போ, மண்ணுக்கு நடுவுல கிடந்த துளசிச் செடியை அவர் கையில எடுத்து வச்சிருந்தார். "வேர் அறுபடல தம்பி"ன்னார். எனக்குப் பேச்சே வரல.

அன்னைக்கு ராத்திரி தூக்கமில்ல. ஒரே கேள்விதான். நான் ஏன் கத்தல? கத்தியிருந்தா, அவர் அங்கே உட்கார்ந்திருந்தா, தப்பிச்சிருப்பாரா? சரி, கணக்குப் போட்டுப் பாத்துடலாம்னு எழுந்துட்டேன்.

மாடிக்கு மூணு மீட்டர், சுவர் ஒரு மீட்டர். மொத்தம் 22 மீட்டர்னு வச்சுப்போம். விழுற நேரம் கண்டுபிடிக்க, உயரத்தை ரெண்டால பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால வகுத்து, வர்க்கமூலம் எடுக்கணும். பள்ளிக்கூடத்துல அந்த முடுக்கத்தை 9.8னு படிச்சோம். சென்னையில அது சுமார் 9.78. பூமி நடுவுல கொஞ்சம் பருத்திருக்கு, சுத்தவும் செய்யுது. அதனால லண்டன்ல 9.81, பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கற நமக்குக் கொஞ்சம் கம்மி. இதை இங்கேயே அளந்தும் பாத்திருக்காங்க. 1821ல ஜான் கோல்டிங்ஹாம்னு ஒரு வானியலாளர், நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் வானியல் ஆய்வகத்துல ஊசல் ஆட விட்டு அளந்தார். மழை பெஞ்சா "நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர்"னு டிவில சொல்றாங்களே, அந்த வானிலை மையம் இருக்கற வளாகம்தான் அது.

சரி, தொட்டிக்கு வருவோம். விடை 2.1 நொடி. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர். பூந்தமல்லி பைபாஸ்ல காலியான ரோட்டுல ஒரு பைக் போற வேகம்.

ரெண்டு நொடி இருக்கேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அந்த ரெண்டு நொடியும் ஒரே மாதிரி இல்ல. முதல் அரை நொடியில தொட்டி 1.2 மீட்டர்தான் இறங்கும். அடுத்த அரை நொடியில 3.7, அதுக்கடுத்து 6.1, அப்புறம் 8.6. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழுன்னு ஒற்றைப்படை விகிதத்துல கூடிக்கிட்டே போகும். கலிலியோ கண்டுபிடிச்சது இது. நேரா விழுறதை அளக்க அவர்கிட்ட கருவி கிடையாது, அவ்வளவு வேகம். அதனால சாய்வுப் பலகையில உருண்டையை உருட்டி, ஒழுகுற தண்ணியை எடை போட்டு நேரம் கணிச்சார்.

அதாவது முதல் ஒரு நொடி முடியும்போது எங்க தொட்டி ஒன்றரை மாடிதான் இறங்கியிருக்கும். மேலேயிருந்து பார்க்கறவங்களுக்கு "இன்னும் நேரம் இருக்கு"ன்னு தோணுற இடம் அது. மிச்சம் 17 மீட்டரை அது 1.1 நொடியில முடிச்சிடும். சிசிடிவியைப் போட்டுப் பார்த்தோம். கேமரா தரையிலிருந்து மூணு மீட்டர் வரைக்கும்தான் பார்க்கும், நொடிக்கு 15 படம். தொட்டி தெரியறது ரெண்டே படத்துல. மூணாவது படத்துல மண்ணும் ஓடும்தான்.

இப்போ கத்தியிருந்தா? என்ன நடந்துச்சுன்னு என் மூளைக்கு உறைக்கவே அரை நொடி. சத்தம் கீழே போக 0.06 நொடி, அது பிரச்சினையே இல்ல. மிச்சம் ஒன்றரை நொடி இருக்கு. ஆனா "அண்ணா!"ன்னு ஒரு சத்தம் கேட்டா மனுஷன் என்ன செய்வான்? நிமிர்ந்து பார்ப்பான். எந்தப் பக்கம் ஓடணும்னு புரியறதுக்குள்ள முடிஞ்சிடும். கத்தாம இருந்ததுக்கு இது சமாதானம் இல்ல. மேலே ஒரு பொருள் கைநழுவின பிறகு நம்மகிட்ட பெருசா எதுவும் மிச்சமில்லன்னு மட்டும்தான் எனக்கு இதுலேர்ந்து தெரிஞ்சுது.

மறுநாள் வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "சின்னத் தொட்டியா இருந்தா மெதுவா விழுந்திருக்கும், இல்ல தம்பி?" இல்லண்ணா. பெருசுக்கு இழுவிசை எவ்வளவு கூடவோ, அதை நகர்த்தவும் அதே அளவு கூடத் தேவை. ரெண்டும் சரிக்குச் சரியாயிடும். 1971ல அப்பல்லோ 15 பயணத்துல டேவிட் ஸ்காட் நிலாவுல சுத்தியலையும் இறகையும் ஒண்ணா விட்டார், ஒண்ணா விழுந்துச்சு. இங்கே இறகு மிதக்கறது காத்தாலதான். அந்தக் காத்துக்கு நாம நன்றி சொல்லணும். அது இல்லன்னா ஒரு கிலோமீட்டர் உயரத்து மழைத்துளி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துல தலையில இறங்கும். ஆனா அஞ்சு கிலோ தொட்டியை 22 மீட்டர்ல காத்து பெருசா தடுக்காது.

வேகம் ஒண்ணுதான், அடி ஒண்ணு இல்ல. அஞ்சு கிலோ 22 மீட்டர் விழுறதும், அம்பது கிலோ சிமெண்ட் மூட்டை 2.2 மீட்டர்லேர்ந்து விழுறதும் ஒரே ஆற்றல். அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்போ அவர் உடைஞ்ச நாற்காலியைப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் பேசல.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்ல எழுதிப் போட்டேன், தப்பு என்னுதுன்னு சேர்த்து. பதினாலாவது மாடிக்காரர் ஒருத்தர் "எங்க உயரத்துக்கு டபுள் டைம் கிடைக்குமே"ன்னு கேட்டார். கிடைக்காது சார். உயரம் டபுள் ஆனாலும் நேரம் 3 நொடிதான் ஆகும். வேகம் மட்டும் மணிக்கு 105. அன்னைக்கு ராத்திரியே அவங்க பால்கனியில தொட்டி இழுக்கற சத்தம் கேட்டுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க.

எங்க துளசி இப்போ பால்கனித் தரையில, கம்பிக்கு உள்பக்கம் இருக்கு. வெயில் பத்தலன்னு அம்மாவுக்குக் குறைதான். அண்ணனுக்குப் புது நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் போர்ட்டிகோ ஸ்லாபுக்கு அடியில போட்டுக்கிட்டார்.

போன வாரம் சொன்ன டாபிக் அடுத்த வாரம் நிச்சயம் வரும். பார்க்கலாம்.