மூப்பும் நகையும்

ஓர் இலக்கிய அமைப்பு தன் பத்து வயதை எண்ணி மகிழும் இவ்விழாவில், தன் மாந்தரின் வயதை எண்ணிய ஒரு சித்திரத் தொடரைப் பற்றிப் பேசுவது பொருத்தமுடையதே.

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நகை தோன்றும் களன்களுள் ஒன்றாக இளமையை வைத்தார். மூப்பினையோ இளிவரலுக்குரிய களன்களுள் முதலில் வைத்தார். குழந்தை தடுமாறி நடந்தால் சிரிக்கிறோம். முதியவர் தடுமாறினால் மனம் சுருங்குகிறது. இவ்விரு தடுமாற்றங்களையும் ஒரே குடும்பத்தில் வைத்துக் காட்டியது ‘கேசோலின் ஆலி’ என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடர்.

ஓவியர் பிராங்க் கிங் 1918ஆம் ஆண்டு நவம்பரில் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழில் இதனைத் தொடங்கினார். வீடுகளின் பின்புறச் சந்தில் கூடி, மோட்டார் வண்டிகளைப் பற்றி ஓயாது பேசும் ஆடவர் சிலரே தொடக்கத்தில் அதன் மாந்தர். பெண் வாசகரையும் ஈர்க்க ஒரு குழந்தை வேண்டுமென இதழை நடத்தியோர் கருதினர். ஆனால் தலைமை மாந்தரான வால்ட் வாலட் மணமாகாதவர். ஆகவே 1921 பிப்ரவரி 14 அன்று, அவர் வீட்டு வாயிலில் ஒரு கைக்குழந்தை கிடந்தது. தாயற்ற கன்றைக் குறிக்கும் மாட்டிடையர் வழக்குச் சொல்லான ‘ஸ்கீசிக்ஸ்’ அதன் பெயராயிற்று. வண்டியின் இரைச்சலைக் கேட்டே பழுதை அறிபவர், குழந்தையின் அழுகைக்குக் காரணம் அறியாது திகைத்தார். வாசகர் சிரித்தனர்.

சித்திரத் தொடர்களில் குழந்தை எனில் என்றும் குழந்தையே. ஜப்பானில் மச்சிக்கோ ஹசெகாவா 1946 முதல் 1974 வரை வரைந்த ‘சசாயே-சான்’ குடும்பத்தில் எவருக்கும் வயது ஏறவில்லை. ஸ்கீசிக்சோ வளர்ந்தான். பள்ளி சென்றான், இரண்டாம் உலகப் போரில் படைவீரனானான், 1944இல் நீனாவை மணந்தான். வால்ட் 1926இல் பில்லிசை மணந்து, தந்தையாகி, பாட்டனாருமானார். இலையுதிர் காலத்தில் அவ்விருவரும் வண்ண இலைகளினூடே உலாவரும் காட்சியை ஞாயிற்றுப் பக்கங்களில் கிங் மீண்டும் மீண்டும் வரைந்தார். மரங்கள் அவையேதான், சிறுவன் மட்டும் உயர்ந்துகொண்டே வந்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நான்கு கட்டங்களில் அடங்குவது ஒரு நாளின் சிறு நிகழ்ச்சி. அதில் மூப்பு தெரிவதில்லை. நேற்றைய படத்திற்கும் இன்றைய படத்திற்கும் வேறுபாடு காண இயலாது. பழைய இதழை எடுத்துப் பார்க்கும் நாளில்தான், வால்ட் முதியவராகிவிட்டது புலப்படும். பார்ப்பவர் முதிர்ந்ததும் உடன் புலப்படும். இல்லங்களில் மூப்பு வருவதும் இவ்வாறுதானே!

காலத்தை ஏற்ற கலை இறப்பையும் ஏற்க வேண்டும். இங்கேதான் ஓவியர்க்குச் சோதனை. கனடாவின் லின் ஜான்ஸ்டன் 1979இல் தொடங்கிய ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்’ தொடரிலும் மாந்தர்க்கு வயது ஏறியது. 1995இல் அவ்வீட்டு நாய் பார்லி, நீரில் விழுந்த சிறுமியைக் காத்துத் தான் உயிர் துறந்தது. முதிர்ந்த நாய் என்றும் வாழ இயலாதன்றோ! எனினும் வாசகர் பலர் கலங்கினர். 2008இல் கதையை நிறைவு செய்த ஜான்ஸ்டன், மீண்டும் தொடக்கத்திற்கே திரும்பினார்.

பிராங்க் கிங் 1969இல் மறைந்தார். பின்வந்தோர் தொடரை வளர்த்தனர். 1986 முதல் வரைந்த ஜிம் ஸ்கான்கரெல்லி, 2004இல் பில்லிசின் இறப்பைக் காட்டினார். ஆனால் 1918இலேயே வளர்ந்த ஆடவராய் நின்ற வால்ட், நூறு வயது கடந்தும் வாழவைக்கப்பட்டார். காலத்திற்கு உண்மையாய் இருந்த தொடர், தன் முதல்வரிடம் மட்டும் அவ்வுண்மையைத் தளர்த்திக்கொண்டது. இது கலைக்குறை என்பர் சிலர். குறையே எனினும், அது அன்பினால் வந்த குறை. நம் வீட்டுப் பெரியவர் வயதை எண்ணும்போது நாமும் அவ்விடத்தில் எண்ணுவதை நிறுத்திவிடுகிறோம்.

முதியவரை முதுமையில் மட்டும் காண்பவர்க்கு மூப்பு இளிவரலே. அவர் கைக்குழந்தையை ஏந்தத் தெரியாது திகைத்த நாளையும் கண்டவர்க்கு, இன்று அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடுவதும் நகையே. அந்நகையில் எள்ளல் இல்லை. நெடுநாள் பழகிய உரிமை உண்டு.